ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய கார்... விற்க விற்க நஷ்டம்! ஆஸ்டன் மார்ட்டின் 'டிபி' 75 ஆண்டுகளாக ஓடுவது எப்படி?

'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் சீன் கானரி ஓட்டி வரும் அந்த வெள்ளி நிற கார் ஞாபகம் இருக்கா? பட்டனைத் தட்டினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் கூரை வழியாகப் பறந்து போவார். நம்பர் பிளேட் சுழன்று மாறும். பின்னாடி எண்ணெயும் புகையும் கொட்டும்.

அந்த கார்தான் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5. உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட சினிமா கார் எது என்று கேட்டால், பெரும்பாலானோர் கை காட்டுவது இதைத்தான்.

ஆனால், இந்த காரைச் செய்த கம்பெனியின் கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. ஆஸ்டன் மார்ட்டின் பலமுறை திவாலாகியிருக்கிறது. கை மாறியிருக்கிறது. ஒரு கட்டத்தில் 'டிபி' என்ற பெயரையே தொலைத்துவிட்டு, இருபது வருடம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. அப்படியும் 1950-ல் தொடங்கிய அந்த வரிசை இன்று டிபி12 வரை வந்து நிற்கிறது.

பாண்ட் படம் பார்த்தவர்களுக்கு டிபி5 தெரியும். அதற்கு முன்னாடியும் பின்னாடியும் நடந்ததுதான் உண்மையான சினிமா.

அதென்ன 'கிராண்ட் டூரர்'?

ஸ்போர்ட்ஸ் கார் வேறு, கிராண்ட் டூரர் வேறு. இரண்டும் வேகமாகப் போகும். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். கிராண்ட் டூரர் எனும் ஜிடி கார், காலையில் லண்டனில் கிளம்பி, இரவு பிரான்ஸின் தென் கடற்கரையில் இறங்கும்போது சட்டை கசங்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தது.

அதனால்தான் நீளமான முன்பக்கம், அதற்குள் பெரிய எஞ்சின், தோல் இருக்கை, பெட்டி வைக்க இடம், பின்னாடி ஒப்புக்கு இரண்டு சின்ன சீட். அந்தப் பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து போக முடியுமா என்றால், முடியாது. பை வைக்கலாம், குழந்தைகளை உட்கார வைக்கலாம், அவ்வளவுதான்.

பழைய காலத்தில் இங்கிலாந்தின் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் இத்தாலி வரை நீண்ட சுற்றுப்பயணம் போவார்கள். அதற்கு 'கிராண்ட் டூர்' என்று பெயர். இத்தாலியர்கள் அதை 'கிரான் துரிஸ்மோ' என்று கார்களுக்கு வைத்தார்கள். பெயர் இத்தாலியில் இருந்து வந்தாலும், பயணம் போனவர்கள் ஆங்கிலேயர்கள்.

டிராக்டர்காரர் பார்த்த விளம்பரம்

ஆஸ்டன் மார்ட்டின் 1913-ல் லண்டனில் லயனல் மார்ட்டின், ராபர்ட் பாம்ஃபோர்ட் என்ற இருவர் தொடங்கியது. ஆஸ்டன் கிளின்டன் என்ற ஊரில் நடந்த மலையேற்ற கார் பந்தயத்தின் பெயரையும், மார்ட்டினின் பெயரையும் சேர்த்து வைத்ததுதான் இந்தப் பெயர். பந்தயத்தில் பேர் வாங்கியது, கல்லாப்பெட்டியில் காசு சேரவில்லை. முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 'தி டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. உயர்தர மோட்டார் தொழில் ஒன்று விற்பனைக்கு என்று இருந்ததே தவிர, கம்பெனியின் பெயர்கூட அதில் இல்லை.

அதைப் பார்த்தவர் டேவிட் பிரவுன். யார்க்‌ஷையரில் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற தொழில் நகரத்துக்காரர். தாத்தா காலத்தில் இருந்தே கியர் செய்யும் குடும்பம். அவர் அதோடு டிராக்டரும் சேர்த்துச் செய்தார். நல்ல வருமானம். ஆனால் மனசு முழுக்க வேகமான கார்.

1947-ல் 20,500 பவுண்டுக்கு ஆஸ்டன் மார்ட்டினை வாங்கினார். அதில் நல்ல சட்டகம் இருந்தது, எஞ்சின் சரியில்லை. உடனே லகோண்டா என்ற இன்னொரு நொடித்த கம்பெனியை 52,500 பவுண்டுக்கு வாங்கினார். அதாவது ஆஸ்டனுக்குக் கொடுத்ததைவிட இரண்டரை மடங்கு. ஏன் இவ்வளவு? பென்ட்லி கார்களைத் தொடங்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லியின் மேற்பார்வையில் உருவான ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று லகோண்டாவிடம் இருந்தது. பிரவுன் உண்மையில் வாங்கியது அந்த எஞ்சினைத்தான்.

டேவிட் பிரவுன் என்ற பெயரின் முதல் எழுத்துகள்தான் 'டிபி'. இத்தாலியில் லம்போர்கினியும் டிராக்டர் விற்ற காசில்தான் கார் செய்தார். உழவு மாட்டுக்குப் பதிலாக வந்த வண்டி, பணக்காரர்களின் ரேஸ் குதிரைக்குத் தீனி போட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

டிபி2 முதல் டிபி4 வரை: இத்தாலி தையல், இங்கிலாந்து துணி

1950-ல் வந்த டிபி2-தான் இந்த வரிசையின் உண்மையான தொடக்கம். 2.6 லிட்டர் எஞ்சின், 105 குதிரைத்திறன். இன்றைக்கு நம்ம ஊரில் ஓடும் சாதாரண காருக்கே இந்த சக்தி இருக்கு. ஆனால் அன்றைக்கு அது பெரிய விஷயம். கூடுதல் சக்தி கொண்ட எஞ்சினுக்கு 'வான்டேஜ்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்று வரை ஓடுகிறது.

1953-ல் டிபி2/4. அந்த '4' என்பது நாலு சீட் என்பதைக் காட்ட. பின் கண்ணாடியோடு சேர்த்து மேலே தூக்கும் கதவும் இதில் வந்தது. இன்றைக்கு நாம் ஹேட்ச்பேக் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே யோசனை. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் கதாநாயகி ஓட்டி வருவது இந்த மாடலின் திறந்த கூரை வடிவம்தான்.

டிபி3 எங்கே என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பெயர் பந்தய காருக்குப் போய்விட்டது. அதனால் சாலையில் ஓடிய அடுத்த காரை 'டிபி மார்க் 3' என்று சுற்றி வளைத்துக் கூப்பிட்டார்கள். இயன் ஃபிளெமிங் 1959-ல் எழுதிய 'கோல்ட்ஃபிங்கர்' நாவலில் பாண்ட் ஓட்டுவது இந்த வண்டியைத்தான், டிபி5-ஐ அல்ல. டிபி5 அப்போது பிறக்கவே இல்லை.

1958-ல் வந்த டிபி4-ல்தான் எல்லாமே மாறியது. சட்டகம், எஞ்சின், உடல் மூன்றும் புதுசு.

உடலை வடிவமைத்தது இத்தாலியின் மிலன் நகரில் இருந்த டூரிங் நிறுவனம். அவர்களிடம் 'சூப்பர்லெஜ்ஜெரா' என்று ஒரு முறை இருந்தது. அந்த வார்த்தைக்கு 'ரொம்ப லேசானது' என்று அர்த்தம். மெல்லிய எஃகுக் குழாய்களைக் கூண்டு மாதிரி பற்றவைத்து, அதன் மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். கோவில் திருவிழாவுக்கு மூங்கிலில் கூடு கட்டி மேலே காகிதம் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வேலை கிட்டத்தட்ட அதே தத்துவம். எடை குறையும், வளைவுகள் அழகாக வரும், ஆனால் ஒவ்வொரு காரையும் கையாலேயே தட்டித் தட்டித்தான் செய்யணும்.

எஞ்சினைச் செய்தவர் டாடெக் மாரெக். போலந்து நாட்டு இன்ஜினியர். 3.7 லிட்டர், 240 குதிரைத்திறன், முழுக்க அலுமினியம்.

அந்த அலுமினியமே முதலில் வினையானது. எஞ்சின் சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரிவடையும். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளி பெரிதாகும். எண்ணெய் அழுத்தம் இறங்கும். கொஞ்ச நேரம் வேகமாகப் போனால் பரவாயில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

இங்கிலாந்தின் முதல் பெரிய மோட்டார்வே, எம்1, 1959-ல் திறக்கப்பட்டது. அதில் அப்போது வேக வரம்பே கிடையாது. புது சாலையில் புது டிபி4-ஐ விரட்டியவர்கள்தான் இந்தக் குறையை நேரடியாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு பெரிய எண்ணெய்த் தொட்டி, ஆயில் கூலர் எல்லாம் வைத்துச் சரி செய்தார்கள். மாடல் மாடலாக டிபி4-ஐத் திருத்திய இந்த ஐந்து வருட உழைப்பு இல்லை என்றால் டிபி5 இல்லை.

அதே 1959-ல் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டினின் டிபிஆர்1 முதலிடம் பிடித்தது. ஓட்டியவர்கள் ராய் சால்வடோரியும் கரோல் ஷெல்பியும். 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படத்தில் மேட் டேமன் நடித்தாரே, அதே ஷெல்பிதான். அந்த வருட உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன் பட்டமும் ஆஸ்டனுக்கே. ரோட்டில் ஓடும் காருக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டாம் என்றுதான் பிரவுன் நினைத்திருப்பார். ஐந்து வருடத்தில் அதைவிடப் பெரியது ஒன்று வந்தது.

டிபி5: ஆயிரத்து சொச்சம் கார்தான்!

1963-ல் டிபி5 வந்தபோது பார்ப்பவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடைசியாக வந்த டிபி4-ன் முகமேதான். ஆனால் உள்ளே எஞ்சின் 4 லிட்டராக வளர்ந்தது. மூன்று கார்புரேட்டர், 282 குதிரைத்திறன். ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் ஐந்து கியர் பெட்டி. நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். பட்டனில் இறங்கும் கண்ணாடி. ஒன்றரை டன் எடையுள்ள வண்டி மணிக்கு சுமார் 233 கிலோமீட்டர் வேகம் தொட்டது.

விலை 4,000 பவுண்டுக்கு மேல். அதே காலத்தில் ஜாகுவார் இ-டைப் கிட்டத்தட்ட பாதி விலைக்குக் கிடைத்தது. வேகத்திலும் அது சளைத்ததில்லை. அப்போ யாருங்க ஆஸ்டன் வாங்குவா? பாதி விலையில் அதே வேகம் கிடைத்தும் அது வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு வசதி உள்ளவர்கள்தான். கையால் தைத்த தோல், கையால் தட்டிய தகடு, பக்கத்து வீட்டுக்காரரிடம் இல்லாத கார். இதுதான் வியாபாரம்.

இந்த வியாபாரத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. டேவிட் பிரவுனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நண்பர் ஒருவர், லாபம் வைக்காமல் அசல் செலவுக்கே ஒரு கார் கொடுங்க என்று கேட்டாராம். அப்படியென்றால் விலைப்பட்டியலில் இருப்பதைவிட நீங்க அதிகம் தரவேண்டியிருக்கும் என்று பிரவுன் பதில் சொன்னாராம். நடந்ததோ இல்லையோ, கணக்கு நிஜம்தான். ஒவ்வொரு காரும் நஷ்டத்தில் போனது. டிராக்டரும் கியரும் அதை ஈடு கட்டின.

முதலாளியின் ஆசைக்கும் குறைவில்லை. வேட்டை நாயை ஏற்றிப் போக டிபி5-ல் இடம் போதவில்லை என்று, பின்பக்கத்தைப் பெட்டி மாதிரி நீட்டி தனக்கென ஒன்று செய்துகொண்டார் பிரவுன். அதைப் பார்த்து வாடிக்கையாளர்களும் கேட்க, வெளியே ஒரு பாடிக் கம்பெனியிடம் கொடுத்து சுமார் ஒரு டஜன் செய்தார்கள். இன்று அவை ஒவ்வொன்றும் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் வண்டி.

1964-ல் 'கோல்ட்ஃபிங்கர்' படக்குழு கார் கேட்டு வந்தபோது, ஆஸ்டன் மார்ட்டின் உடனே தலையாட்டவில்லை. சும்மா கொடுப்பதா என்று தயங்கியது. கடைசியில் கொடுத்தது டிபி5-ன் சோதனை வண்டியை. அதில்தான் கலை இயக்குநர் கென் ஆடமும், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிபுணர் ஜான் ஸ்டியர்ஸும் துப்பாக்கி, புகை, பறக்கும் சீட் எல்லாம் பொருத்தினார்கள்.

படம் ஓடியது. கார் அதைவிட ஓடியது. 1965-ல் கோர்கி கம்பெனி வெளியிட்ட பொம்மை டிபி5 லட்சக்கணக்கில் விற்றது. குட்டிக் காரிலும் ஆள் பறக்கும் சீட் வேலை செய்தது. ஆனால் நிறம் மட்டும் தங்கம். வெள்ளி நிறம் அடித்தால், பெயின்ட் அடிக்காமல் விட்ட தகரம் மாதிரி தெரியும் என்பதால் அப்படி.

பொம்மை லட்சக்கணக்கில் போனது. நிஜக் கார்? 1965 வரை மொத்தம் செய்ததே ஆயிரத்து சொச்சம்தான். ஆர்டர் குவிந்தாலும் கையால் தட்டும் பட்டறையால் அதற்கு மேல் முடியாது. உலகமே விரும்பிய காரை உலகத்துக்கு விற்க முடியாத நிலைமை. ஆஸ்டன் மார்ட்டினின் மொத்த வரலாறும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

படத்தில் பயன்படுத்திய அந்த முதல் காருக்கு என்ன ஆச்சு? 1997-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு விமான நிலையக் கொட்டகையில் வைத்திருந்தபோது திருடு போனது. 'தண்டர்பால்' பட விளம்பரத்துக்காகச் செய்த இன்னொரு கார், 2019-ல் ஏலத்துக்கு வந்தபோது 63.85 லட்சம் டாலருக்குப் போனது.

அதற்கு அடுத்த வருடம் கம்பெனியே களத்தில் இறங்கியது. பாண்ட் கருவிகள் எல்லாம் வைத்து 25 புது டிபி5-களைப் பழைய முறையிலேயே செய்தது. வரி இல்லாமல் ஒன்றின் விலை 27.5 லட்சம் பவுண்ட். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. நம்பர் பிளேட் சுழலும் காருக்கு எந்த ஆர்டிஓ அனுமதி கொடுப்பார்?

அரசரின் டிபி6... ஒயினில் ஓடும் வண்டி

1965-ல் வந்த டிபி6 கொஞ்சம் நீளம் கூடியது. பின் சீட்டில் இடம் அதிகமானது. பின் விளிம்பு லேசாக மேல்நோக்கி மடிந்திருக்கும். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதிவேகத்தில் காற்று வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிடாமல் அமுக்கிப் பிடிக்க அந்த மடிப்பு வேண்டும். அழகில் டிபி5 ஒரு படி மேல், ஓட்டுவதற்கு டிபி6 ஒரு படி மேல் என்பதே நியாயமான தீர்ப்பு.

பிரிட்டன் மன்னர் சார்லஸிடம் இருப்பது இந்த டிபி6-தான். 21-வது பிறந்தநாளுக்கு அம்மா இரண்டாம் எலிசபெத் கொடுத்த பரிசு. மிச்சமான வெள்ளை ஒயினில் இருந்தும், சீஸ் செய்யும்போது பிரியும் மோர்த் தண்ணீரில் இருந்தும் எடுத்த எரிபொருளில் ஓடும்படி அதை மாற்றியிருப்பதாக 2021-ல் அவரே பிபிசி பேட்டியில் சொன்னார்.

இன்னொரு விஷயமும் அதே சமயத்தில் நடந்தது. 1965 டிசம்பரில் பிரிட்டன் மோட்டார்வேக்களில் மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டர் என்று வேக வரம்பு கொண்டுவந்தார்கள். முதலில் தற்காலிகம் என்றார்கள், பிறகு நிரந்தரமானது. மணிக்கு 230 கிலோமீட்டர் போகும் கார் வைத்திருந்தவர்கள் திடீரென்று அதில் பாதி வேகத்தில் ஊர்ந்தார்கள்.

'டிபி' பெயர் போன கதை

1967-ல் வில்லியம் டவுன்ஸ் வடிவமைத்த டிபிஎஸ் வந்தது. வளைவெல்லாம் போய், அகலமான, முரட்டு உருவம். மாரெக்கின் புது வி8 எஞ்சினுக்காகவே செய்த கார். ஆனால் எஞ்சின் நேரத்துக்குத் தயாராகவில்லை. பழைய ஆறு சிலிண்டரையே வைத்து அனுப்பினார்கள். வி8 வர இன்னும் இரண்டு வருடம் ஆனது.

அதற்குள் டேவிட் பிரவுனின் மற்ற தொழில்களே தள்ளாட ஆரம்பித்தன. அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த கை சுருங்கியது. 1972-ல் கடனோடு சேர்த்து கம்பெனியை ஒப்புக்கு ஒரு தொகைக்கு விற்றுவிட்டு வெளியேறினார். கார்களின் பெயரில் இருந்து 'டிபி' நீங்கியது.

வாங்கியவர்கள் மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை. எண்ணெய் விலை எகிறிய நேரம். பெட்ரோலைக் குடிக்கும் காரை யார் வாங்குவார்கள்? 1974 கடைசியில் ஆலை பூட்டப்பட்டது. அமெரிக்கா, கனடா தொழிலதிபர்கள் 1975-ல் வாங்கித் திறந்தார்கள். 1977-ல் மணிக்கு 270 கிலோமீட்டர் தாண்டும் வி8 வான்டேஜ் வந்தது. பிரிட்டனின் முதல் சூப்பர் கார் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அதே கை வேலை, அதே குறைந்த எண்ணிக்கை, அதே நஷ்டம்.

டிபி7: கடன் வாங்கிய பாகங்கள், காப்பாற்றிய கார்

1987-ல் ஃபோர்டு நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. கம்பெனி பிழைக்க வேண்டும் என்றால் மலிவாகச் செய்யக்கூடிய, அதிகம் விற்கக்கூடிய ஒரு ஆஸ்டன் வேண்டும். ஆனால் புதுசாக ஒரு காரை உருவாக்கும் அளவு காசு தர ஃபோர்டுக்கு மனசில்லை.

அப்போது ஃபோர்டு கையில் ஜாகுவாரும் இருந்தது. ஜாகுவாருக்காக யோசித்துக் கைவிடப்பட்ட ஒரு திட்டம் தூசி படிந்து கிடந்தது. அதை எடுத்து, ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ் காரின் அடித்தளத்தின் மேல் கட்டி, இயன் கேலம் என்ற ஸ்காட்லாந்து இளைஞரிடம் வடிவமைக்கக் கொடுத்தார்கள். பின் விளக்கு மஸ்டா 323-ல் இருந்து வந்தது. ஃபோர்டுக்கு மஸ்டாவிலும் பங்கு இருந்தது அல்லவா, அந்த உறவு.

இவ்வளவு ஒட்டுப்போட்ட காரைப் பார்த்தால் அப்படித் தெரியவே தெரியாது என்பதுதான் கேலமின் கெட்டிக்காரத்தனம். 1993 ஜெனீவா கண்காட்சியில் திரை விலகியபோது, 90-களின் மிக அழகான கார்களில் ஒன்று என்று பேர் வாங்கியது.

பெயர் வைக்கும்போது அன்றைய தலைவர் வால்டர் ஹேய்ஸ், வயதான டேவிட் பிரவுனைத் தேடிப் போனார். 'டிபி'யைத் திரும்பப் பயன்படுத்த அனுமதி கேட்டார். பிரவுன் சம்மதித்தார். அவரை கம்பெனியின் வாழ்நாள் கௌரவத் தலைவராக்கினார்கள். 1993 செப்டம்பரில் அவர் இறந்துபோனார். டிபி7 வாடிக்கையாளர் கைக்குப் போனது அதற்கு அடுத்த வருடம்.

பத்து வருடத்தில் சுமார் 7,000 டிபி7 விற்றது. அதுவரை எந்த ஆஸ்டன் மாடலும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 335 குதிரைத்திறனில் தொடங்கி, 1999-ல் 12 சிலிண்டர் எஞ்சினோடு 420 வரை போனது. மஸ்டா விளக்கு என்று கிண்டல் செய்யும் கார் பிரியர்கள் இன்றும் உண்டு. அந்த விளக்கு இல்லை என்றால் பேசுவதற்கு இன்று ஆஸ்டன் மார்ட்டினே இருந்திருக்காது.

பசை போட்டு ஒட்டிய டிபி9

டிபி8 என்று ஒன்று கிடையாது. அந்தப் பெயர் வைத்தால் எட்டு சிலிண்டர் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் தாண்டிப் போய், 12 சிலிண்டர் டிபி9-ஐ 2003-ல் காட்டினார்கள். வார்விக்‌ஷையரில் கேடன் என்ற இடத்தில் கட்டிய புது ஆலையில் பிறந்த கார். அலுமினியத் துண்டுகளை விமானத்தில் செய்வது போல வலுவான பசையாலும் ஆணியாலும் இணைத்தார்கள். வெல்டிங் போட்டால் சூட்டில் அலுமினியம் பலம் இழக்கும், பசைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 450 குதிரைத்திறன். எஞ்சின் தயாரானது ஜெர்மனியின் கொலோன் நகரில், ஃபோர்டு ஆலைக்குள்.

2007-ல் பணமுடையில் இருந்த ஃபோர்டு, ஆஸ்டன் மார்ட்டினை டேவிட் ரிச்சர்ட்ஸ் தலைமையிலான குழுவுக்கு விற்றது. குவைத் முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். அதற்கு அடுத்த வருடம் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியது நம்ம டாடா மோட்டார்ஸ். பல வருடம் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பிரிட்டிஷ் பெயர்களில் ஒன்று குவைத் பணத்துக்கும், இன்னொன்று மும்பைக்கும் போனது. டிபி7-ஐ வடிவமைத்த இயன் கேலம், 2019 வரை டாடாவின் கீழ் ஜாகுவாருக்கு வடிவமைப்புத் தலைவராக இருந்தார்.

டிபி10 முதல் டிபி12 வரை

டிபி10-ஐ யாரும் கடையில் வாங்கியிருக்க முடியாது. 2015-ல் வந்த 'ஸ்பெக்டர்' பாண்ட் படத்துக்காக மட்டும் பத்து கார் செய்தார்கள்.

2016-ல் டிபி11. 5.2 லிட்டர், 12 சிலிண்டர், இரட்டை டர்போ, 600 குதிரைத்திறன். அடுத்த வருடமே மெர்சிடிஸ் ஏஎம்ஜி-யின் 4 லிட்டர் வி8 எஞ்சினும் அதில் வந்தது. சொந்தமாக எஞ்சினும் மின்னணுவும் உருவாக்க ஆகும் செலவு இவ்வளவு சின்ன கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. மெர்சிடிஸ் பங்கு எடுத்துக்கொண்டு எஞ்சின் கொடுத்தது.

2018-ல் லண்டன் பங்குச்சந்தையில் ஒரு பங்கு 19 பவுண்ட் என்று இறங்கினார்கள். அப்புறம் விலை சரிந்தது சரிந்ததுதான். 2020 தொடக்கத்தில் கனடா கோடீஸ்வரர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு 18.2 கோடி பவுண்ட் போட்டுத் தாங்கிப் பிடித்தது. ஃபார்முலா 1 பார்ப்பவர்களுக்கு அவர் மகன் லான்ஸ் ஸ்ட்ரோலைத் தெரிந்திருக்கும். அணியின் பெயரும் 2021-ல் ஆஸ்டன் மார்ட்டின் ஆனது. இடையில் டிபிஎக்ஸ் என்று ஒரு எஸ்யூவியும் வந்தது. ஜிடி கம்பெனி எஸ்யூவி செய்யலாமா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. சம்பளம் கொடுக்கணுமே!

2023-ல் வந்த டிபி12-ல் 12 சிலிண்டர் இல்லவே இல்லை. ஏஎம்ஜி-யிடம் இருந்து வாங்கித் தங்கள் இஷ்டத்துக்கு முறுக்கேற்றிய வி8 மட்டும்தான். ஆனால் சக்தி 671 குதிரைத்திறன். 100 கிலோமீட்டர் வேகத்தை 3.6 நொடியில் தொடும், உச்ச வேகம் 325. பழைய டிபி2-வோடு ஒப்பிட்டால் ஆறு மடங்குக்கும் மேலான சக்தி. டிபி கார்களில் பல வருடமாகப் பயன்படுத்துபவர்கள் திட்டித் தீர்த்த பழைய தொடுதிரையையும் ஒருவழியாக மாற்றினார்கள்.

இந்தியாவில் என்ன விலை?

டிபி12 இந்தியாவுக்கும் 2023-லேயே வந்தது. அப்போது எக்ஸ்-ஷோரூம் விலை 4.59 கோடி ரூபாய். ஆன்-ரோடு என்று வந்தால் இன்னும் கூடும். முழுதாக இறக்குமதி ஆகும் கார் என்பதால் இந்த விலையில் பெரும்பகுதி வரி.

2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், அப்போது 100 சதவீதத்துக்கும் மேல் இருந்த கார் இறக்குமதி வரியைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் கார்களுக்கு மட்டும் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் குறைப்பது என்று முடிவாகியிருக்கிறது. நமக்கு இதனால் என்ன என்று கேட்டால், நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் பிரிட்டனில் ஆலை வைத்து, வருடத்துக்கு சில ஆயிரம் கார் மட்டுமே விற்கும் ஒரு கம்பெனிக்கு, இந்தியாவில் கூடுதலாக விற்கும் ஒவ்வொரு காரும் கணக்குதான்.

எலெக்ட்ரிக் ஆஸ்டன் எப்போது என்ற கேள்விக்குத் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 என்றார்கள், அப்புறம் இன்னும் தள்ளிவைத்தார்கள். தங்கள் வாடிக்கையாளர்களுக்கு எஞ்சின் சத்தமும் அதன் மணமும் வேண்டும் என்பது கம்பெனி சொல்லும் காரணம். 2018-லேயே ஒரு பழைய டிபி6-ல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பேட்டரி வைத்துக் காட்டினார்கள். வேண்டாம் என்று நினைத்தால் பேட்டரியைத் தூக்கிவிட்டு, பழைய எஞ்சினையே திரும்பப் பூட்டிக்கொள்ளலாம் என்பது அதில் கொடுத்த வசதி.